கேஸை மேலே மாற்றச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: நான் புக்கிட் செந்தோசாவில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது நைஜல் கார்ட்னர் தோட்டத்தில். என் தங்கச்சி மகனுக்கு 26 வயது. வேறு மாநிலத்தில் தொழிற்சாலை வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் விடியற்காலை, தங்கியிருந்த கட்டடத்துக்குக் கீழே இறந்து கிடந்தான். மாடியிலிருந்து விழுந்துவிட்டான் என்றார்கள். அந்த ஊர் போலீஸ் பாலாயில் திடீர் மரணம், எஸ்டிஆர் என்று எழுதியிருக்கிறார்கள். முதல் நாள் ராத்திரி இரண்டு பேர் வந்து பணத்துக்காக அவனோடு சண்டை போட்டதாக அறைத் தோழன் சொன்னான். அதை விசாரணை அதிகாரியான ஐஓவிடம் வாயால் சொன்னோம். இதுவரை இரண்டு ஐஓ மாறிவிட்டார்கள். போன் போட்டால் 'இன்னும் விசாரணையில் இருக்கு' என்கிறார்கள். என் மருமகன், 'தமிழ்நாட்டுல கோர்ட்ல கேஸ் போட்டு சிபிஐக்கு மாத்திடறாங்க, நாமளும் அதே மாதிரி புக்கிட் அமானுக்கு மாத்தச் சொல்லிக் கேட்போம்' என்கிறார். இன்னொரு சொந்தக்காரர் மந்திரி புசாரிடம் மனு கொடுக்கலாம் என்கிறார். தங்கச்சியோ, 'அவனத்தான் எரிச்சாச்சே, இனிமே என்னத்தக் கண்டுபிடிக்கப் போறாங்க' என்று உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, உங்கள் மருமகன் சொன்னது தமிழ்நாட்டுக்குச் சரி, நமக்கு அப்படியே பொருந்தாது. அது ஏன் என்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அது புரிந்துவிட்டால் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் பிடிபட்டுவிடும்.

இந்தியாவில் போலீஸ் மாநில அரசின் கையில் இருக்கிறது. அந்நாட்டு அரசியலமைப்பே அதை மாநிலப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. சிபிஐ ஒன்றிய அரசின் அமைப்பு. அது ஒரு மாநிலத்துக்குள் நுழைய அந்த மாநிலத்தின் சம்மதம் வேண்டும் என்று 1946ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. தமிழ்நாடு கொடுத்து வைத்திருந்த பொதுச் சம்மதத்தை 2023 ஜூனில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆக, உள்ளூர் போலீஸ் மீது நம்பிக்கை போய்விட்டால் அங்கே கோர்ட்டுக்குத்தான் ஓட வேண்டும். மாநிலம் சம்மதிக்காவிட்டாலும் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் சிபிஐ விசாரணைக்கு ஆணையிடலாம் என்று 2010 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு மேற்கு வங்க வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. ஆனால் கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுக்கக் கூடாது, அபூர்வமாகத்தான் இதைச் செய்ய வேண்டும் என்றும் அதே தீர்ப்பு எச்சரித்தது. டிவியில் அந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை.

2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் மாநிலப் போலீஸ் அதிகாரி தலைமையில் ஒரு சிறப்புக் குழு அமைத்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் விசாரணையை சிபிஐக்குக் கொடுத்து, மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் போட்டது. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. நெடுஞ்சாலை டெண்டர் புகாரில் 2018இல் உயர் நீதிமன்றம் போட்ட சிபிஐ உத்தரவை 2022இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நான்கு வருஷம் யார் விசாரிப்பது என்பதிலேயே போனது.

இது போக, என்ஐஏ என்ற தேசியப் புலனாய்வு முகமை இருக்கிறது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008இல் வந்த சட்டம். அதன் கீழ் ஒன்றிய அரசு, மாநிலத்தைக் கேட்காமல் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளலாம். 2020 ஜனவரியில் பீமா கோரேகான் வழக்கை அப்படி எடுத்தார்கள், மகாராஷ்டிர அரசு முணுமுணுத்தது. அதே மாதம் சத்தீஸ்கர் அரசு, அந்தச் சட்டமே செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அங்கே பெரிய அமைப்புக்கு வழக்கு மாற வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போகிறவர்களும் உண்டு, மாறக் கூடாது என்று போகிறவர்களும் உண்டு.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் போலீஸ் படை ஒன்றே ஒன்றுதான். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையை எடுத்துப் பார்த்தால் போலீஸ், குற்றப் புலன் விசாரணை இரண்டுமே கூட்டரசுப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். உங்கள் மாவட்டப் போலீஸ், ஷா ஆலாமில் இருக்கும் மாநிலத் தலைமையகம், கோலாலம்பூரில் தேசியத் தலைமையகமான புக்கிட் அமான் எல்லாம் ஒரே வீட்டின் மாடிகள். உங்கள் தங்கச்சி மகன் கேஸ் இன்று கீழ்த்தளத்தில் இருந்தாலும் அது தேசிய அமைப்பிடம்தான் இருக்கிறது. அதனால் கோர்ட்டில் போய் 'மாநிலத்திடமிருந்து மத்திக்கு மாற்று' என்று கேட்க இடமே இல்லை. மந்திரி புசார் சமாச்சாரத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். மாநில அரசுக்குப் போலீஸ் மீது அதிகாரம் இல்லை. மனு கொடுத்தால் மேலே ஒரு கடிதம் வைத்துப் போலீஸுக்கு அனுப்பிவைப்பார்கள், அவ்வளவுதான்.

கீழே இருக்கும் கேஸைப் புக்கிட் அமானின் குற்றப் புலனாய்வுத் துறை எடுத்துக்கொள்வது உண்டு. அது உள் நிர்வாகம். தேசியப் போலீஸ் படைத் தலைவர் நினைத்தால் நாளைக்கே நடக்கும். அதற்கு ஒரு கடிதம் போதும், கோர்ட் வேண்டாம். கோர்ட்டில் கேட்டால் நீதிபதி முதலில் கேட்கப்போகும் கேள்வி, 'கடிதம் எழுதினீர்களா, என்ன பதில் வந்தது?' என்பதுதான்.

ஆனால் கேஸ் மேலே போனதும் எல்லாம் நேராகிவிடும் என்று நினைக்காதீர்கள். புக்கிட் அமான் என்றாலே நம்மவர்களுக்கு ஒரு மயக்கம். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உட்பட 12 பேரைப் பிடித்தது புக்கிட் அமானின் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவுதான். பாதுகாப்புக் குற்றங்களுக்கான சோஸ்மா சட்டம், ஜாமீன் கிடையாது. அடுத்த மாதம் உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் அந்த ஜாமீன் தடையே அரசியலமைப்புக்கு விரோதம் என்றார். 2020 பிப்ரவரியில் அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் எல்லாக் குற்றச்சாட்டையும் மீட்டுக்கொண்டார். பெரிய ஆபீஸ் எப்போதும் நம் பக்கம் நிற்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

உங்கள் கேஸில் எனக்கு உறுத்துவது அந்த எஸ்டிஆர் என்ற மூன்று எழுத்துதான். போலீஸ் கணக்கில் அது ஒரு குற்றமே இல்லை. ஒருவர் இறந்தார், காரணத்தைப் பார்க்கிறோம் என்று மட்டும் அதற்கு அர்த்தம். சந்தேகத்துக்குரியவர் என்று ஆளைக் கூப்பிடுவது, போன் பதிவுகளை வரவழைப்பது, வீட்டைச் சோதிப்பது எல்லாம் குற்றம் என்று ஒரு பிரிவு போட்ட பிறகுதான் சூடு பிடிக்கும். எந்த மாடியில் கேஸ் இருக்கிறது என்பதைவிட, எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

மலாக்கா டுரியான் துங்காலை நினைத்துப் பாருங்கள். 2025 நவம்பர் 24 அன்று இந்திய ஆடவர் மூவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர்கள் போலீஸாரைத் தாக்க வந்தார்கள் என்று சொல்லி, தொடக்கத்தில் கொலை முயற்சி வழக்காகத்தான் அதை விசாரித்தார்கள். குடும்பத்தார் விடவில்லை. வழக்கறிஞர் வைத்து, ஓர் ஒலிப்பதிவைக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். டிசம்பரில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அதை 302ஆவது பிரிவில், அதாவது கொலை என்று விசாரிக்கச் சொன்னது. விசாரணை புக்கிட் அமானிடம் போனது. பத்திரிகைகள் 'புக்கிட் அமான் எடுத்துக்கொண்டது' என்பதைப் பெரிதாகப் போட்டன. 302 என்ற எண்ணைத்தான் நான் பெரிதாகப் போட்டிருப்பேன்.

உங்கள் தங்கச்சி போட்ட போலீஸ் ரிப்போர்ட்டின் நகலைத் தேடி எடுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது? 'மகன் இறந்துவிட்டான்' என்று மட்டும் இருந்தால் இன்னொரு ரிப்போர்ட் போட வேண்டும். பணத் தகராறு, வந்த இரண்டு பேர், நேரம், அறைத் தோழன் சொன்னது எல்லாவற்றையும் எழுதி, மகன் மரணத்தில் குற்றம் நடந்திருப்பதாகச் சந்தேகிக்கிறேன் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னதை ஐஓ மாறியதும் காற்று கொண்டுபோய்விடும். அறைத் தோழனும் தன் பெயரில் ஒரு ரிப்போர்ட் போட்டால் இன்னும் நல்லது. எந்தப் பாலாயில் வேண்டுமானாலும் போடலாம், அந்த ஊருக்கே போக வேண்டியதில்லை.

இதில் ஒரு சட்ட நுணுக்கமும் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவுப்படி, ரிப்போர்ட் கொடுத்தவர் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம். கேட்ட இரண்டு வாரத்துக்குள் போலீஸ் பதில் தர வேண்டும். கொடுக்காவிட்டால் நேரே அரசுத் தரப்பு வழக்குத் தொடுநருக்கு, அதாவது சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்குப் புகார் செய்யலாம். அவர்கள் மாவட்டப் போலீஸ் தலைவரிடம் விரிவான அறிக்கை கேட்க வேண்டும், அது சட்டம் விதித்த கடமை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. ரிப்போர்ட் போட்டு நான்கு வாரம் கடந்திருக்க வேண்டும். புகார் சொல்வது வாரண்ட் இல்லாமலே ஆளைப் பிடிக்கக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும். எஸ்டிஆர் என்ற வெறும் மரண அறிக்கையை வைத்து 107ஏ கேட்டால், குற்றமே இல்லையே என்று திருப்பிவிடலாம். கொலைச் சந்தேகம் என்று ரிப்போர்ட்டில் இருந்தால் அப்படித் திருப்ப முடியாது. போனில் 'இன்னும் விசாரணையில் இருக்கு' என்று எட்டு மாதம் கேட்டதற்குப் பதில் எட்டு வரியில் ஒரு கடிதம் எழுதியிருந்தால் இன்று உங்கள் கையில் ஏதாவது ஒரு காகிதம் இருந்திருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை. என்னிடம் வருகிற குடும்பங்களில் பாதிப் பேர் பிளாஸ்டிக் பை நிறைய மருத்துவ பில்லும் சாவு வீட்டுப் படங்களும் கொண்டுவருவார்கள், ரிப்போர்ட் நகல் மட்டும் இருக்காது.

இன்னொரு கதவு மரண விசாரணை, கொரோனர் கோர்ட். ஒரு மரணத்தின் காரணத்தையும் சூழ்நிலையையும் விசாரிக்கும்படி எப்போது வேண்டுமானாலும் உத்தரவிட, அதே சட்டத்தின் 339ஆவது பிரிவு அரசுத் தரப்பு வழக்குத் தொடுநருக்கு அதிகாரம் தருகிறது. 'எப்போது வேண்டுமானாலும்' என்பதைக் கவனியுங்கள். எட்டு மாதம் ஆகிவிட்டது என்று அந்தக் கதவு மூடிவிடாது. அங்கே சாட்சிகள் சத்தியப் பிரமாணம் செய்து பேச வேண்டும், குடும்பத்தின் வழக்கறிஞரும் உட்கார்ந்து கேள்வி கேட்க வழி கிடைக்கும். 2025இல் சபாவில் பள்ளி மாணவி ஸாரா கைரினாவின் மரணத்தில் மக்கள் கொதித்தெழுந்த பிறகு, புதைத்த உடலைத் தோண்டிப் பரிசோதித்து, மரண விசாரணையும் தொடங்கினார்கள்.

இங்கேதான் உங்கள் தங்கச்சி சொன்னது வலிக்கிறது. நாம் எரித்துவிடுகிறோம். தோண்டி எடுக்க நமக்கு ஒன்றும் மிச்சமில்லை. மரணத்தில் சந்தேகம் இருந்தால், காரியத்துக்கு அவசரப்படாமல் இரண்டாவது பிரேதப் பரிசோதனை கேட்பதுதான் நம் சமூகம் பழக வேண்டிய முதல் பாடம். 2009இல் சுபாங் ஜெயா லோக்காப்பில் இறந்த குகனின் குடும்பம் அப்படித்தான் செய்தது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாவது பரிசோதனைதான் முதல் அறிக்கையைப் புரட்டிப் போட்டது. 2013இல் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்கு எட்டு லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆனால் தங்கச்சியிடம் சொல்லுங்கள், எரித்ததோடு எல்லாம் போய்விடவில்லை. மருத்துவமனையில் பரிசோதனை நடந்திருந்தால் அறிக்கை இருக்கும், படங்கள் இருக்கும். நெருங்கிய உறவு என்ற முறையில் தாய் அறிக்கைக்கு விண்ணப்பிக்கலாம். அதை வேறொரு தடயவியல் மருத்துவரிடம் காட்டி, இந்தக் காயங்கள் விழுந்ததால் மட்டும் வந்தவையா என்று கேட்கலாம்.

கோர்ட்டுக்கு எப்போது போவது? இவ்வளவும் எழுத்தில் கேட்டு, மறுத்தாலோ வாய் திறக்காவிட்டாலோ உயர்நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம். முதலில் அனுமதி வாங்க வேண்டும், பிறகுதான் முழு விசாரணை. காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது விதி, அதனால்தான் கடிதத் தேதிகளைப் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். அங்கே கேட்க வேண்டியது 'இன்னாரிடம் கொடு' என்பதல்ல. எந்த அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று போலீஸுக்குச் சொல்ல நம் நீதிபதிகள் தயங்குவார்கள். 'சட்டம் விதித்த கடமையைச் செய்' என்று சொல்ல அவ்வளவு தயங்குவதில்லை. முன்னாள் கணவர் தூக்கிச் சென்ற மகளுக்காக ஈப்போ இந்திரா காந்தி போராடிய வழக்கில் 2016 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் தேசியப் போலீஸ் படைத் தலைவருக்கே ஆணையிட்டது: கோர்ட் பிறப்பித்த வாரண்டை நிறைவேற்று, வேண்டாம் என்று முடிவு செய்ய உனக்கு உரிமை இல்லை என்று. ஆணை வந்து பல வருஷம் ஓடியும் அந்தக் குழந்தை தாயிடம் வந்து சேரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அரசியல் உதவியாளர் தியோ பெங் ஹோக்கின் மரணம் உங்கள் கேஸுக்கு இன்னும் பக்கம். 2009 ஜூலை 16, ஷா ஆலாம், ஊழல் தடுப்பு ஆணைய அலுவலகம் இருந்த கட்டடத்தின் ஐந்தாவது மாடித் தளத்தில் இறந்து கிடந்தார். கொரோனர் 2011இல் தற்கொலையும் இல்லை கொலையும் இல்லை என்று கையை விரித்தார். அரச விசாரணை ஆணையம் தற்கொலைக்குத் துரத்தப்பட்டார் என்றது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொரோனர் தீர்ப்பைத் தள்ளிவிட்டு, ஆணைய அதிகாரிகள் உட்பட அடையாளம் தெரியாதவர்களின் சட்டவிரோதச் செயல் மரணத்தைத் துரிதப்படுத்தியது என்று முடிவு செய்தது. அப்புறமும் போலீஸ் விசாரணை நத்தையாக நகர்ந்தது. குடும்பம் 2022இல் சீராய்வுக்குப் போய், விசாரணையை முடிக்க உத்தரவு கேட்டது. 2024 நவம்பரில் உயர்நீதிமன்றம் ஆறு மாதத்தில் முடி என்றது. முடித்தார்கள். 2025 மே மாதம் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம், ஆதாரம் போதாது, மேல்நடவடிக்கை இல்லை என்றது. கோர்ட் விசாரணையை முடிக்கச் சொல்லலாம், குற்றம் சாட்டச் சொல்லாது. அது அரசியலமைப்பின் 145ஆவது விதியில் சட்டத்துறைத் தலைவர் கையில் இருக்கிறது. அந்த முடிவையும் மிக அபூர்வமான நிலையில் கோர்ட் சீராய்வு செய்யலாம் என்று 2021இல் சுந்தர ராஜு வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் உங்களுக்கு இப்போது அது வெகுதூரத்து விளக்கு, அதைப் பார்த்து நடக்காதீர்கள்.

காலம் பற்றிச் சொல்லும்போது உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. பத்தாங் காலியில் 1948 டிசம்பரில் ஸ்காட்லாந்துக் காவல்படைச் சிப்பாய்கள் ரப்பர் தோட்டத்துச் சீனத் தொழிலாளர்கள் 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1970இல் சிப்பாய்கள் சிலர் வாய் திறந்த பிறகு ஸ்காட்லாந்து யார்டு விசாரணை தொடங்கியது. பிரிட்டனில் ஆட்சி மாறியதும் நின்றது. 1993இல் நம் போலீஸ் தொடங்கிய விசாரணையும் சில வருஷத்தில் மூடப்பட்டது. இரண்டு நாட்டின் பெரிய அமைப்புகளும் தொட்டுவிட்டுக் கைவிட்ட கேஸ் அது. குடும்பத்தார் லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015 நவம்பரில், பொது விசாரணைக்கு உத்தரவிட முடியாது என்று தீர்ப்பு. சம்பவம் நடந்து அவ்வளவு காலம் கடந்ததும் முக்கியக் காரணம். உங்களுக்கு ஆகியிருப்பது எட்டு மாதம்தான்.

வரிசையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் புது ரிப்போர்ட், மருத்துவமனை அறிக்கைக்கு விண்ணப்பம். நான்கு வாரம் கழித்து 107ஏ கடிதம். கூடவே சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம், மரண விசாரணை நடத்தும்படியும் குற்றப் பிரிவில் வகைப்படுத்தும்படியும். நகல் புக்கிட் அமான் குற்றப் புலனாய்வுத் துறை இயக்குநருக்கு, அதில் வேண்டுமானால் அவர்களே எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி சேருங்கள், மருமகன் ஆசைக்கும் ஆயிற்று. எல்லாம் பதிவுத் தபாலில், தாயின் கையெழுத்தோடு. அந்த இரண்டு பேரின் பெயரை டிக்டாக்கில் போட வேண்டாம். அது விசாரணையையும் கெடுக்கும், உங்கள் மேல் அவதூறு வழக்கும் திரும்பும். வழக்கறிஞர் செலவுக்கு வழியில்லை என்றால் ஷா ஆலாமில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

இறந்த தங்கச்சி மகனின் கைப்பேசி உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் சார்ஜ் போட்டுத் திறக்க முயலாதீர்கள், கடையில் கொடுத்து லாக் எடுக்கவும் வேண்டாம். உறையில் போட்டு, எந்தத் தேதியில் யார் கையில் வாங்கினீர்கள் என்று மேலே எழுதி ஒட்டி வையுங்கள். புது ரிப்போர்ட்டில் அந்தக் கைப்பேசி உங்களிடம் இருப்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.